பழைய புத்தகம் எல்லாம் முதன்மை ஆதாரம் ஆகிவிடாது

கொங்கு வரலாற்றில் ஆய்வேடு எழுதுபவர்கள் நூற்பட்டியலை முதன்மை ஆதாரங்கள் (ஆராயும் காலத்திலேயே உருவானவை), துணைமை ஆதாரங்கள் (அதைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்டவை) என்று பிரிப்பார்கள். பலரும் பிரிப்பது ஆண்டைப் பார்த்துத்தான். தாள் மஞ்சளாகி, எழுதியவர் வெள்ளைக்காரராக இருந்தால் முதன்மை. போன வருடம் அச்சானது என்றால் துணைமை. வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், மாட்டுவது இங்கேதான்.

1887இல் வந்த, ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் காலத்தை ஆராய்கிறீர்களா? அப்படியானால் அது துணைமை ஆதாரம். 1880களில் ஆங்கிலேய அதிகாரிகள் கொங்கு விவசாயியை எப்படிப் பார்த்தார்கள் என்பது உங்கள் கேள்வி என்றால், அதே நூல் முதன்மை. கேள்வியைச் சொல்லாமல் ‘இதை எந்தப் பக்கம் போடுவது?’ என்று கேட்டால் நெறியாளரும் என்னதான் சொல்வார்?

1800இல் கோவை வழியாகப் போன பிரான்சிஸ் புக்கானனின் பயணநூல் இன்னும் வில்லங்கம். வயலில் அவரே பார்த்த பயிரும் பாசனமும் ஒரு ரகம். முன்பு இந்த ஊரை யார் ஆண்டார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வழியே அவர் கேட்டு எழுதியது வேறு ரகம். இரண்டும் கலந்தே கிடக்கும். வரிவரியாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் கல்வெட்டு. பேரூர், அவிநாசிக் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி எழுதும் பலர் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். அதில் இருப்பது ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே. ‘கோயிலுக்கு நிலக்கொடை’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். நிலத்தின் நான்கெல்லை, அளந்த கோல், நீக்கிய வரி போன்ற விவரங்களுக்கு மூலவாசகத்துக்குத்தான் போக வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மைப்படியை, அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியை, தேடுங்கள். இன்னொருவர் நூலிலிருந்துதான் எடுத்தீர்கள் என்றால், ‘இன்னார் நூல் வழி’ என்று போடுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. கல்வெட்டு எண்ணை அச்சுப்பிழையோடு நகலெடுத்துவிட்டு நேரில் படித்ததாகக் காட்டுவதுதான் அசிங்கம்.

முதன்மை என்பதால் உண்மை என்றும் ஆகிவிடாது. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தி அந்தக் காலத்துச் சான்றுதான், சரி. ஆனால் தோற்ற போரைக் கல்லில் வெட்டிவைத்த அரசன் யார்?

சின்னமலை கோட்டை கட்டிய ஓடாநிலைப் பக்கம் பெரியவர்கள் சொல்லும் சின்னமலை கதையைச் செல்போனில் பதிவு செய்து, கண்ணால் கண்ட சாட்சிபோல ஆய்வேட்டில் சேர்ப்பவர்களும் உண்டு. அந்தக் கதை இன்று எப்படி நினைவில் நிற்கிறது என்பதற்கு அது முதன்மை ஆதாரம். அன்றைய சண்டைக்கு அல்ல. சொன்னவர் அதை யாரிடம் கேட்டார், எந்த வயதில் கேட்டார் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.