லைட்னிங் நோடு போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தம்பி முறை நண்பர் ஒருவர் தன் கடைக்கு லைட்னிங் நோடு, அதாவது பிட்காயினை உடனுக்குடன் அனுப்பவும் வாங்கவும் உதவும் லைட்னிங் வலையமைப்பில் இணையும் கணினி ஒன்றைப் போட்டார். "டெய்லி நைட் முழு டிஸ்க்கும் காப்பி ஆயிடுதுண்ணே, இனிமே பயமில்ல" என்றார். எனக்குப் பகீரென்றது. ஒரு காலத்தில் நானும் இதே பெருமையோடுதான் திரிந்தேன்.

24 வார்த்தை சீடை (வாலட்டை மீட்டெடுக்கும் ரகசியச் சொற்கள்) யாரிடமும் காட்டாதே என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய சேனல்.டிபி-யை மறுபடி ஏற்றுவது

சாதாரண பிட்காயின் வாலட்டுக்கு சீடு கையில் இருந்தால் போதும், பேக்கப் எவ்வளவு பழசானாலும் பாதகமில்லை. லைட்னிங்கில் அது நடக்காது. சேனலில், அதாவது இரண்டு நோடுகளுக்கு நடுவே பணம் போய்வரும் தடத்தில், ஒவ்வொரு முறை பணம் நகரும்போதும் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு சேனல்.டிபி என்ற கோப்பில் புதிதாக எழுதப்படுகிறது. கூடவே, பழைய கணக்கை ரத்து செய்யும் ரகசியத்தை எதிராளியிடம் (சேனலின் மறுமுனையில் இருப்பவர்) கொடுத்துவிடுகிறோம். ரத்தான கணக்கை நாம் பிளாக்செயினில் ஏற்றினால், அதை வைத்து அவர் நம் பங்கையும் சேர்த்து அள்ளிக்கொள்ளலாம். ஏமாற்றுகிறவனுக்கு வைத்த தண்டனை அது. தெரியாமல் செய்தாயா என்றெல்லாம் புரோட்டோகால் விசாரிக்காது.

என் நோடு ஓடிய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் எஸ்டி கார்டு செத்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய காப்பியை ஏற்றினேன். எல்என்டி (நோடை இயக்கும் மென்பொருள்) சமர்த்தாக எழுந்து பேலன்ஸும் காட்டியது. ஒரு சேனல் மட்டும் உயிரில்லாமல் கிடந்தது, எதிர்ப்பக்க நோடு ஆஃப்லைன். அது இணைந்திருந்தால் இரண்டும் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்திருக்கும், நான் பின்தங்கியிருப்பது தெரிந்து என் நோடு சும்மா இருந்திருக்கும். நானோ பொறுமையில்லாமல் ஃபோர்ஸ் குளோஸ் (எதிராளியைக் கேட்காமலே, நம்மிடமுள்ள கணக்கை பிளாக்செயினில் ஏற்றிச் சேனலை மூடுவது) கொடுத்தேன். என் பங்கு 144 பிளாக், அதாவது ஏறக்குறைய ஒரு நாள், பூட்டிக் கிடக்கும். அந்தப் பூட்டே எதிராளி தட்டிக்கேட்கத் தரும் அவகாசம்தான். அன்று மாலையே அவர் நோடு எழுந்தது. 8 லட்சம் சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) போயிற்று. அந்த மனிதருக்கு விஷயமே தெரிந்திருக்காது, எல்லாம் அவர் மென்பொருள் தானாகச் செய்தது. யாரைத் திட்டுவது?

'டிஸ்க்கை அப்படியே காப்பி எடுங்கள்' என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

எடுத்து வைக்க வேண்டியது சேனல்.பேக்கப் என்ற சின்னக் கோப்பு. எல்என்டியில் 2019-லேயே வந்துவிட்டது. அதில் பேலன்ஸ் இருக்காது, யாரோடு எந்தச் சேனல் என்பது மட்டும் இருக்கும். சீடோடு சேர்த்து இதைக் கொடுத்தால், எதிராளிகளிடம் இருக்கும் கடைசிக் கணக்கை வைத்துச் சேனல்களை மூடச் சொல்லி நம் நோடு கேட்கும். சேனல்கள் போய்விடும், பணம் திரும்பும். அதற்கு எதிராளியின் நோடு உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே ஊர் பேர் தெரியாத நோடுகளோடு பெரிய சேனல் வேண்டாம். சேனல் திறக்கும்போதும் மூடும்போதும் இந்தக் கோப்பு மாறும். அப்போதெல்லாம் வேறொரு இடத்துக்கு அது தானாகப் போகும்படி செய்துவிடுங்கள்.

சேனல்.டிபி-யைத் தொட ஒரே சந்தர்ப்பம்தான் உண்டு: வேறு மெஷினுக்கு மாறும்போது. பழையதை முழுதாக நிறுத்திவிட்டு நகர்த்துங்கள். பிறகு பழையதை 'சும்மா பார்ப்போமே' என்று ஆன் செய்யாதீர்கள்.

ரவுட்டரில் 8332, 10009 போர்ட்களைத் திறப்பது

இவை இரண்டும் பிட்காயின் மென்பொருளுக்கும் எல்என்டிக்கும் கட்டளை கொடுக்கும் வாசல்கள். வெளியே தெரிய வேண்டியது மற்ற நோடுகள் வந்து இணையும் 9735 மட்டும். மற்றவற்றுக்கு விபிஎன் அல்லது டோர் (Tor) என்ற மறைவு வலையமைப்பு.

கடை வெப்சைட்டில் அட்மின் மக்கரூன்

மக்கரூன் என்பது நோடில் என்னென்ன செய்யலாம் என்ற அனுமதிச் சீட்டு. பில் போடும் வேலைக்கு இன்வாய்ஸ் மக்கரூன் போதும். அட்மினை வைத்தால், வெப்சைட்டை உடைக்கிறவன் கல்லாப்பெட்டியோடு போவான்.

"ஓடுவதை ஏன் தொடணும்?"

2022 அக்டோபரில் 999 சாவிகளில் 998 கையெழுத்து போட்ட ஒரே ஒரு பரிவர்த்தனை வந்தது. அது இருந்த பிளாக்கைப் படிக்க முடியாமல் எல்என்டி நோடுகள் நின்றன. நவம்பர் 1 அன்று வேறொரு பரிவர்த்தனையால் மறுபடியும். பிளாக் பார்க்காத நோடு திருடனையும் பார்க்காது. வெளியீட்டுக் குறிப்புகளைப் படியுங்கள், அப்டேட் போடுங்கள்.

யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுவது

வாங்கிவிடுங்கள்.