டாலர் ரேட்டைப் பார்த்து நாம் போடும் தப்புக்கணக்குகள்

ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றும்: 1947-ல் ஒரு டாலர் ஒரு ரூபாய்தானாம், இப்போது பாருங்கள் என்று. தப்பு. அப்போது நம் ரூபாயின் மதிப்பு பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது, ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்குச் சுமார் பதிமூன்றேகால் ரூபாய். ஒரு பவுண்டுக்கு 4 டாலர் சொச்சம் என்பதால், கணக்குப் போட்டால் டாலருக்குச் சுமார் 3.30 ரூபாய் வரும். அது கிடக்கட்டும், அந்த எண்ணை வைத்து நாட்டின் மானத்தை அளப்பதுதான் எனக்குப் பிடிபடுவதே இல்லை. டாலருக்கு நூற்றுக்கு மேல் யென் கொடுக்கும் ஜப்பான் என்ன ஏழை நாடா?

ரூபாய் சரிந்ததும் காரணத்தை உள்ளூரில் மட்டும் தேடுவது அடுத்த தப்பு. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த வட்டியை அந்த ஒரே வருடத்தில் 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது, முதலீட்டுப் பணம் அந்தப் பக்கம் ஓடியது, போதாக்குறைக்கு நாம் டாலர் கொடுத்து வாங்கும் கச்சா எண்ணெயும் விலை ஏறியிருந்தது. ஜூலையில் ரூபாய் 80-ஐத் தொட்டது. அதே மாதம் யூரோ ஒரு டாலருக்கும் கீழே போனது, அக்டோபரில் யென் 150-க்குச் சரிந்தது. ஏறியது டாலர்.

சரி, நாமும் வட்டியை ஏற்றினால் போதுமே என்பார்கள். துருக்கி 2024 மார்ச்சில் 50 சதவீதத்துக்கே கொண்டுபோனது, லிரா அதற்குப் பிறகும் இறங்கியது. விலைவாசி 60 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த ஊரில் அந்த வட்டி எந்த மூலைக்கு?

அப்புறம், அரசாங்கம் ரேட்டைப் பிடித்து வைத்தால் பணம் பத்திரம் என்ற நம்பிக்கை. இலங்கை டாலரை 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்தது. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் வழியில், அதைவிட அதிகம் கிடைத்ததால், வெளிநாட்டில் வேலை செய்தவர்களில் பலர் வங்கிப் பக்கமே போகவில்லை, மத்திய வங்கியின் கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள், மே மாதத்துக்குள் 360-ஐ நெருங்கிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹமும் பிடித்து வைத்ததுதான், 1997 முதல் டாலருக்கு 3.67 என்று அசையாமல் நிற்கிறது. ஆனால் அங்கே எண்ணெய் விற்று டாலர் வந்துகொண்டே இருக்கிறது, கொழும்பில் வாங்கிய கடனைக் கட்டவே டாலர் போதவில்லை.