கடற்கரைக்குக் கிளம்பும் முன் ஓதத்தைப் பாருங்கள்

தீவில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும்போது வெயிலை மட்டும் பார்த்து நேரம் குறிக்கிறோம். கடல் ஏறி வற்றுவதையும், அதாவது ஓதத்தையும், பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். வற்றுவதும் அப்படியே; இரண்டு சுற்றுக்கு 24 மணி 50 நிமிடம். அதனால் இன்று காலை 8 மணிக்கு வற்றினால், நாளை ஏறக்குறைய 8.50க்கு.

பாறைக் குழிகளில் நண்டும் நட்சத்திர மீனும் தேட, முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். பிள்ளைகள் "இன்னும் கொஞ்ச நேரம்" என்பார்கள். அதற்கும் சேர்த்தே நேரம் ஒதுக்குவது நல்லது! மணல் திட்டு வழியாக நடந்து போயிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். திட்டு மூழ்குமுன் அதற்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளம் நிரம்பிவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் வற்றும், அதே அளவுக்கு ஏறவும் செய்யும். பாறை பார்க்க அந்த நாட்கள் அருமை. சின்னக் குழந்தைகளைக் கால் நனைக்க விட மட்டும் என்றால், நிலா பாதியாகத் தெரியும் முதல் கால்பிறை, மூன்றாம் கால்பிறை நாட்களை ஒட்டிப் போகலாம்; ஏற்ற இறக்கம் குறைவு. துல்லியமான நேரத்துக்கு அந்த ஊர் ஓத அட்டவணையைப் பாருங்கள், அல்லது மீனவர்களிடம் கேளுங்கள்.