பசுமையான இலையை நம்பலாமா? கன உலோக மண்ணில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தை ஒட்டிய செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பகுதிகளில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் வெட்டப்படும் கரடுகளைச் சுற்றியுள்ள மண்ணில், தாய்ப்பாறையின் தன்மையால் நிக்கலும் குரோமியமும் இயல்பாகவே மிகுதியாக இருக்கும். ஆகவே, மண் ஆய்வறிக்கையில் இந்தக் கன உலோகங்கள் கூடுதலாகத் தெரிந்தவுடன் ஆலைக் கழிவின் மீது மட்டும் பழியைப் போடுவது சரியன்று. மண்ணில் உள்ள மொத்த அளவும் வேர் உறிஞ்சக்கூடிய அளவும் வெவ்வேறானவை என்பதால், அறிக்கை எதைக் குறிக்கிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

பெரிய தவறு, கீரை செழிப்பாக வளர்ந்திருப்பதைக் கண்டு அதை நல்ல கீரை என்று முடிவு செய்வதே. துத்தநாகமும் இரும்பும் வேருக்குள் நுழையும் வழியிலேயே காட்மியம் என்னும் நச்சு உலோகமும் நுழைகிறது. உடனே செடி, தன் செல்களில் உள்ள குளுடாதயோன் என்னும் சேர்மத்திலிருந்து பைட்டோகெலாட்டின் என்னும் சிறு புரதக்கூறுகளை உருவாக்கி, அந்த உலோகத்தைப் பிணைத்து, செல்லின் நுண்குமிழியில் அடைத்துவிடுகிறது. இதனால் செடி பிழைத்துக்கொள்கிறது. காட்மியமோ இலையிலேயே தங்கி, உண்பவரின் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் சேர்கிறது. திருமணிமுத்தாற்றைப் போலச் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் நீரில் கீரை பயிரிடுவோர் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். கழுவினால் இலைமேல் படிந்த ஈயத் தூசு போகுமே தவிர, உள்ளே சேர்ந்த காட்மியம் போகாது.

இளந்தளிர் வெளுத்தால் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியாவைக் கொட்டுவதும் பயனற்றது. தழைச்சத்துக் குறை முதிர்ந்த இலைகளில்தான் முதலில் தெரியும். நிக்கல் மிகுந்த மண்ணிலோ இரும்பு கிடைக்காமல் தளிர் வெளுக்கக்கூடும். தொடர்ந்து இடப்படும் யூரியா நாளடைவில் மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டி, உலோகங்களை மேலும் கரையச் செய்யும்.

சுண்ணாம்பு எல்லா மண்ணுக்கும் மருந்தாகாது. ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களைப் போன்ற அமில மண்ணில் அது காட்மியத்தின் கரைவைக் குறைக்கும். ஆனால் ஆர்செனிக், குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறக் குரோமியம் ஆகியவை காரத்தன்மை கூடும்போது எளிதாக நகரும். மேக்னசைட் மண் ஏற்கெனவே காரத்தன்மை உடையது. அங்கே மக்னீசியத்தின் மிகுதியால் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) அமுங்கிக் கிடப்பதால், காரத்தன்மையைக் கூட்டாமல் அதை ஈடுசெய்ய ஜிப்சமே ஏற்றது.

உலோகத்தை உறிஞ்சுவதற்காகக் கடுகு வளர்ப்பவர்கள், அறுத்த செடியை மாட்டுக்கோ எருக்குழிக்கோ அனுப்பினால், எடுத்த நஞ்சு அதே நிலத்துக்கே திரும்பும். வெட்டிவேர் பெரும்பகுதி உலோகத்தை வேரிலேயே நிறுத்திக்கொள்வதால் மண்ணரிப்பைத் தடுக்கும் கரைகளுக்குப் பொருந்தும். அத்தகைய கரையில் விளைந்த வேரை மட்டும் குடிநீர்ப் பானையில் போடக்கூடாது.