ஃபாஃப்ஸா நிரப்புவது எப்படி: பெயர்ச் சிக்கல், ஊர் மனை, கடைசியில் கடன்

“நம்ம சம்பளத்துக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது, ஃபாஃப்ஸா எதுக்கு?” அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் கல்லூரிப் படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசின் பண உதவி கேட்கும் இந்த ஃபாஃப்ஸா படிவத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதில் பாதி உண்மை. வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் (2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர்) இருவரும் ஐடியில் இருக்கும் வீட்டுக்கு அநேகமாக வராது. ஆனால் பிள்ளையின் பெயரில் கிடைக்கும் அன்சப்ஸிடைஸ்டு கடனுக்கு (படிக்கும்போதே வட்டி ஏறும் அரசுக் கடன்) வருமான வரம்பே கிடையாது. கிரெடிட் ஸ்கோர் பார்ப்பதில்லை, அப்பா அம்மா ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். ஃபாஃப்ஸா போடாமல் அதை வாங்க முடியாது. மாநில அரசுகள் தரும் உதவிக்கும், கல்லூரிகள் சொந்தப் பணத்தில் தரும் உதவிக்கும்கூடப் பல இடங்களில் இதே படிவத்தைத்தான் கேட்கிறார்கள். அதனால் போட்டுவிடுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிட்டு ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்துக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் பெரியவனுக்கு 2024-25 படிவம், சின்னவளுக்கு இப்போது 2026-27. பெரியவனின் வருஷம்தான் படிவத்தை அடியோடு மாற்றினார்கள். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறப்பது, அந்தமுறை 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. 2026-27 படிவமோ 2025 செப்டம்பர் 24 அன்றே வந்துவிட்டது. கீழே சொல்வதெல்லாம் இந்தப் புதிய படிவத்துக்கு.

யார் போடலாம்

பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும் (அகதி, தஞ்சம் பெற்றவர் போன்ற சில வகைகளும் உண்டு). பெற்றோர் எச்1பி வேலை விசாவில் இருந்தாலும் பரவாயில்லை. இங்கே பிறந்த பிள்ளையின் உரிமையை உங்கள் விசா எந்த விதத்திலும் குறைக்காது. எச்4 விசாவில் (எச்1பிக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளைக்கு மட்டும் மத்திய அரசு உதவி கிடையாது. அவர்கள் சேரும் கல்லூரி சிஎஸ்எஸ் புரொஃபைல் (சில கல்லூரிகள் தங்கள் சொந்த உதவிக்குக் கேட்கும் வேறொரு படிவம்) வாங்குகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

படி 1: இரண்டு கணக்குகள்

அந்த அரசுத் தளத்தில் பிள்ளைக்கு ஒன்று, பெற்றோரில் ஒருவருக்கு ஒன்று. ஒரே மின்னஞ்சலையோ ஒரே கைப்பேசி எண்ணையோ இரண்டு கணக்குக்கும் கொடுக்க முடியாது. பிள்ளைக்குப் பள்ளி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். பள்ளி முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள். கடன் கணக்கோ இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸைவிட ஆதென்டிகேட்டர் ஆப் எனக்குப் பிடிக்கும். அப்போது கொடுக்கும் பேக்கப் கோடைத் தாளில் எழுதி பாஸ்போர்ட் ஃபைலிலேயே வையுங்கள். போனில் செய்யலாம் என்கிறார்கள், ஆனால் லேப்டாப்பிலேயே செய்யுங்கள். சின்னத் திரையில் பாதிக் கேள்வி மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

இனி பெயர். எங்களை நிறுத்தி வைத்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் தட்டும் பெயர், பிறந்த தேதி, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) மூன்றும் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் என்ன இருக்கிறது, வங்கியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் இங்கே செல்லாது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சொந்தப் பெயர், முன்னால் அப்பா பெயரின் இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருவர் அப்பா பெயரைச் சர்நேமில் போட்டிருப்பார். இன்னொருவர் சர்நேமை வெறுமையாக விட்டு, முழுப்பெயரையும் கிவன் நேமில் அடைத்திருப்பார். அவருக்கு விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறியிருக்கும், எஸ்எஸ்என் கார்டோ அதற்கு முந்தியதாக இருக்கும். செந்தில்குமார் ராமசாமி என்பவர் ஒரு தாளில் ராமசாமி செந்தில்குமார், இன்னொன்றில் செந்தில், இடைவெளி, குமார்.

எங்கள் வீட்டில் என் மனைவியின் பெயர் இப்படி இரண்டு விதமாக இருந்தது. கணக்கு திறந்தது போலவே இருந்தது, உள்ளேயும் போக முடிந்தது, ஆனால் எஸ்எஸ்என் சரிபார்ப்பு மட்டும் ஒத்துவரவில்லை. அது முடியாத கணக்கை வைத்துக்கொண்டு கையெழுத்து வரை போவது வீண் வேலை. எனவே வரிசை இது: முதலில் எஸ்எஸ்என் கார்டைக் கையில் எடுங்கள். அதில் எந்தச் சொல் எந்த வரியில் எப்படி இருக்கிறதோ, இடைவெளி உட்பட, அப்படியே தட்டுங்கள். பிறகு கணக்கின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் எஸ்எஸ்என் சரிபார்க்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒத்துவரவில்லை என்று வந்தால் அங்கேயே பெயரைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். கார்டே தப்பாக இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் திருத்தியாக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால்தான், படிவம் திறப்பதற்கு முன்பே ஆகஸ்டில் கணக்கைத் திறந்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

எஸ்எஸ்என் இல்லாத பெற்றோரும் கணக்கு திறக்கலாம், அதற்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அடுத்த படியைப் படித்துவிடுங்கள். பலருக்கு அந்தச் சிரமமே தேவைப்படாது.

படி 2: அப்பாவா, அம்மாவா?

நீங்கள் இருவரும் 2024 வரியைக் கூட்டாகத் தாக்கல் செய்திருந்தால் ஒருவர் போதும். அப்பாவுக்கு எஸ்எஸ்என், எச்4இல் இருக்கும் அம்மாவுக்கு ஐடின் (எஸ்எஸ்என் இல்லாதவர்களுக்கான வரி எண்) என்றால், அப்பா பெயரில் முடித்துவிடுங்கள். தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால்தான் இருவரும் வர வேண்டும். மணமுறிவு ஆனவர்களில், கடந்த 12 மாதத்தில் பிள்ளைக்கு அதிகம் பணம் செலவழித்தவர் யாரோ அவர். பிள்ளை யாரோடு இருக்கிறது என்பதை இப்போது பார்ப்பதில்லை.

பிள்ளை தன் கணக்கில் படிவத்தை ஆரம்பித்து, பெற்றோரின் மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். 2024-25 படிவத்தில் பெற்றோரின் பெயர், பிறந்த தேதி, எஸ்எஸ்என் எல்லாம் பிள்ளையே தட்ட வேண்டியிருந்தது, பெயர்ச் சிக்கல் அங்கேயும் ஒருமுறை தலைகாட்டும். இப்போது மின்னஞ்சல் போதும். அழைப்புக்கான ஒரு இன்வைட் கோடும் கிடைக்கும், அதை வைத்தும் உள்ளே வரலாம்.

ஒரு எச்சரிக்கை. அப்பாக்கள் ஆர்வக்கோளாறில் தங்கள் கணக்கில் நுழைந்து “மாணவர்” என்பதை அமுக்கிவிடுகிறார்கள். அப்போது அப்பா கல்லூரிக்குப் போவதற்கான படிவம்தான் திறக்கும். பெற்றோர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: சம்மதம்

வரித்துறையான ஐஆர்எஸ் உங்கள் வரி விவரத்தை நேரே படிவத்துக்கு அனுப்ப, பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியாகச் சம்மதம் கொடுக்க வேண்டும். “வரிக் கணக்கை எதுக்கு எல்லாருக்கும் காட்டணும், நானே தட்டிக்கிறேன்” என்று மறுத்தால் பிள்ளைக்கு மத்திய அரசின் எந்த உதவியும் கிடையாது, கடன் உட்பட. வரியே தாக்கல் செய்யாதவரும் சம்மதம் தர வேண்டும். 2026-27 படிவத்துக்கு எடுப்பது 2024ஆம் ஆண்டு வருமானம். போன மாதச் சம்பளச் சீட்டைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள்.

படி 4: சொத்து

இங்கேதான் போன் வர ஆரம்பிக்கும். “ஊர்ல இருக்கற வீட்டைக் காட்டணுமா?” காட்டணும். நீங்கள் இங்கே குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. 401கே, ஐஆர்ஏ போன்ற ஓய்வுக்காலக் கணக்குகளில் இருக்கும் பணமும் வராது. ஆனால் கோயம்புத்தூரில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், செங்கல்பட்டுப் பக்கம் வாங்கிப் போட்ட மனை எல்லாம் முதலீட்டு நிலம் வீடு என்ற வரியில் வரும். வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஊர் வங்கியில் வைக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் இருக்கும் பணத்தையும் காட்டத்தான் வேண்டும். உங்கள் பெயரில் இருப்பதை மட்டும். உங்கள் அப்பா பெயரில் இன்னும் இருக்கும் பூர்வீக வீடு, பின்னால் உங்களுக்கு வரும் என்பதற்காக இப்போதே உங்களுடையது ஆகிவிடாது. வீட்டுக்கடன் பாக்கியைக் கழித்து, கையெழுத்திடும் நாளின் மதிப்பை டாலரில் போடுங்கள். 2026-27 முதல் குடும்பம் குடியிருந்து நடத்தும் பண்ணைக்கு விலக்கு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வயலை விட்டுவிடாதீர்கள், நீங்கள் குடியிருப்பது டல்லாஸில்.

வீட்டில் இருக்கும் நகை, கார் இதெல்லாம் கேட்பதில்லை. 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு பெற்றோர் சொத்தாக வரும், ஆனால் படிவம் போடும் பிள்ளைக்கு உரியது மட்டும். தம்பியின் 529ஐச் சேர்க்க வேண்டாம். பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் கணக்கில் எடுப்பார்கள், பிள்ளை பெயரில் இருந்தால் 20 சதவீதம். தாத்தா பாட்டி கொடுத்த பணத்தையெல்லாம் பிள்ளை பெயரில் யுடிஎம்ஏ என்ற மைனர் கணக்கில் போட்டுவைத்தவர்களுக்கு இந்த இடம் கசக்கும்.

இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் முன்பு சுமையைப் பங்கிட்டுக் கணக்குப் போடுவார்கள். 2024-25 முதல் அது இல்லை. எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

படி 5: கையெழுத்து

20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். எங்கே சேரப் போகிறோம் என்று தெரியாவிட்டாலும் விண்ணப்பித்த எல்லாவற்றையும் போடுங்கள். ஒரு கல்லூரியின் பட்டியலை மற்றக் கல்லூரிகள் பார்க்க முடியாது. இருவரும் கையெழுத்திட்டதும் ஒன்று முதல் மூன்று நாளில் சுருக்க அறிக்கை வரும். அதில் எஸ்ஏஐ (ஸ்டூடன்ட் எய்ட் இண்டெக்ஸ்) என்று ஓர் எண் இருக்கும், குறைந்தபட்சம் மைனஸ் 1500. எங்களுக்கு வந்த எண்ணைப் பார்த்துப் பெரியவன், “அவ்ளோ பணம் நம்மகிட்ட இருக்காப்பா?” என்று கேட்டான். அது நீங்கள் கட்ட வேண்டிய பில் அல்ல. கல்லூரி தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஓர் எண், அவ்வளவே.

2026-27க்கு மத்திய அரசுக் கெடு 2027 ஜூன் 30 வரை இருக்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். மாநிலமும் கல்லூரியும் வைக்கும் கெடு மாதக்கணக்கில் முந்திவரும். டெக்சஸில் ஜனவரி 15, கலிஃபோர்னியாவில் மார்ச் தொடக்கம். ஒரு கூகுள் ஷீட்டில் கல்லூரி, கெடு, கேட்ட தாள்கள் என்று மூன்றே பத்தி போட்டு வைத்துக்கொண்டால் போதும். இதற்குக் காசு கொடுத்து ஆலோசகர் வைப்பதெல்லாம் என்னைப் பொறுத்தவரை தண்டச் செலவு.

படி 6: கடன்

கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் கிராண்ட், ஸ்காலர்ஷிப், ஒர்க் ஸ்டடி (படித்துக்கொண்டே பார்க்கும் பகுதி நேர வேலை), கடன் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கூட்டிக் காட்டியிருப்பார்கள். கூட்டுத்தொகையைப் பார்த்து மயங்காமல், திருப்பிக் கட்ட வேண்டியதை முதலில் அடித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்கு முதல் வருஷம் 5,500 டாலர் வரை. அடுத்த வருஷம் 6,500, அதன் பிறகு ஆண்டுக்கு 7,500, மொத்தம் 31,000க்கு மேல் போகாது. முதல் வருஷத் தொகையில் 3,500 வரை சப்ஸிடைஸ்டாக இருக்கலாம்: படிக்கும் காலத்து வட்டியை அரசு கட்டும். அதற்குத்தான் தேவை பார்ப்பார்கள். மீதி அன்சப்ஸிடைஸ்டு, பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஏறும். 2025-26இல் கொடுத்த கடனுக்கு வட்டி 6.39 சதவீதம், கடைசி வரை மாறாது. 1.057 சதவீதம் கட்டணம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், அதனால் 5,500 என்பது ஏறக்குறைய 5,442ஆகக் கல்லூரிக் கணக்குக்கு வரும். ஃபீஸ் கட்டும்போது இந்த 58 டாலர் எங்கே போச்சு என்று தேட வேண்டாம்.

கல்லூரித் தளத்தில் “ஏற்கிறேன்” என்று அமுக்குவதோடு முடியாது. பிள்ளை மறுபடி ஸ்டூடன்ட்எய்ட் தளத்துக்கு வந்து என்ட்ரன்ஸ் கவுன்சிலிங் முடிக்க வேண்டும், பிறகு மாஸ்டர் பிராமிசரி நோட் என்ற கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டையும் பிள்ளையே செய்யட்டும், கடனாளி அவர்கள்தான். முழுத்தொகையையும் எடுத்தாக வேண்டும் என்றில்லை, குறைத்தும் கேட்கலாம். படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும்.

பேரண்ட் பிளஸ் என்பது பெற்றோர் பெயரில் வாங்குவது. 2025-26இல் வட்டி 8.94 சதவீதம், கட்டணம் 4.228 சதவீதம். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு. கடைசி வழியாக மட்டும் வையுங்கள்.

சேர்த்தது: எச்1பிப் பெற்றோருக்கு

“நான் எச்1பி, பேரண்ட் பிளஸ் கிடைக்குமா?” என்று கீழே கருத்துகளில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. அந்தக் கடனுக்குப் பெற்றோரும் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும். ஆனால் பெற்றோரால் அதை வாங்க முடியாத நிலை என்றால், பிள்ளைக்கே கூடுதல் அன்சப்ஸிடைஸ்டு கடன் தர கல்லூரி உதவி அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் இரண்டு வருஷம் 4,000, பிறகு 5,000. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று சேர்த்தது: குடியுரிமை ஒத்துவரவில்லை என்று வந்தால்

பெற்றோர் குடியுரிமை வாங்கியபோது 18 வயதுக்குள் இருந்ததால் தானாகவே குடிமக்கள் ஆன பிள்ளைகளுக்கு இது நடக்கிறது. பாஸ்போர்ட் எடுத்திருப்பார்கள், சோஷியல் செக்யூரிட்டியில் மாற்றியிருக்க மாட்டார்கள். அங்கே பிள்ளை இன்னும் கிரீன் கார்டுதான். பயப்பட வேண்டாம், அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் கல்லூரி உதவி அலுவலகத்தில் காட்டினால் அவர்கள் சரிசெய்வார்கள். சோஷியல் செக்யூரிட்டியிலும் ஒருமுறை போய் மாற்றிவிடுங்கள், அடுத்த வருஷமும் படிவம் போட வேண்டுமே.

வேலை போனவர்கள்

2024இல் இரண்டு சம்பளம், இப்போது ஒன்றுதான் என்றால், படிவத்தில் 2024 எண்ணையே விடுங்கள், அதைத் திருத்தக் கூடாது. அனுப்பிய பிறகு கல்லூரி உதவி அலுவலகத்துக்கு புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட் (மாறிய நிலைமையைப் பார்த்து உங்கள் கணக்கை மாற்ற அவர்களுக்கு இருக்கும் அதிகாரம்) கேட்டு எழுதுங்கள். வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மை உதவித்தொகைத் தாள் மூன்றையும் இணையுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக முடிவெடுக்கும் என்பதால் பட்டியலில் இருக்கும் அத்தனைக்கும் அனுப்ப வேண்டும், ஓரிடத்தில் மறுத்தால் மற்ற இடத்திலும் மறுப்பார்கள் என்றில்லை.