நிரல் எழுதத் தெரியாமலே ஒரு ஸ்ட்ரூப் சோதனை ஓட்டுவது எப்படி

கணினியில் உளவியல் சோதனை நடத்த நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்று நினைத்து ஒதுங்கி நிற்பவர்கள் நிறைய. தேவையே இல்லை. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உள்ளே பைத்தான் என்ற நிரல்மொழி ஓடினாலும் அதன் பில்டர் திரையில் நீங்கள் பெட்டிகளைச் சொடுக்கிச் சொடுக்கியே சோதனையைக் கட்டிவிடலாம். ஓப்பன்செசமியும் இதே மாதிரிதான், அதுவும் இலவசம். நான் பழகியது சைக்கோபை என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

பழகுவதற்கு ஸ்ட்ரூப் சோதனையை எடுங்கள். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்டது. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை நிறத்தில் காட்டி, எழுத்தின் நிறம் என்ன என்று கேட்டால் பதில் வரத் தாமதமாகும், ஏனென்றால் படிக்கிற பழக்கம் குறுக்கே வந்து நிற்கும்.

மென்பொருளைத் திறக்கும் முன் எக்செல்லைத் திறங்கள். சோதனை உண்மையில் இருப்பது அங்கேதான், மற்றதெல்லாம் அதைத் திரையில் காட்டும் வேலை. ஒரு வரிக்கு ஒரு காட்சி. நான்கு பத்திகள்: சொல், நிறம், சரியான விசை (நிறத்துக்கு ஒன்றாக இடது, கீழ், வலது அம்புக்குறிகள்), சொல்லும் நிறமும் பொருந்துகிறதா இல்லையா. தலைப்புகளை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் வையுங்கள், நிறத்தின் பெயரும் விசையின் பெயரும்கூட ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில் இருக்கட்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சொல், மூன்று நிறம் என்றால் 9 வரி வரும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: அந்த 9-ல் சொல்லும் நிறமும் பொருந்துபவை 3, பொருந்தாதவை 6. அப்படியே ஓட்டினால் ஒரு வகை மற்றதைப் போல இரண்டு மடங்கு வரும். பொருந்தும் வரிகளை இரண்டு தடவை எழுதி 12 வரியாக்கிவிடுங்கள், அதை 5 சுற்று ஓட்டினால் 60 காட்சி.

இனி பில்டர். ஒரு ரொட்டீனில், அதாவது ஒரு காட்சியில் நடப்பவற்றை அடுக்கி வைக்கும் பக்கத்தில், மூன்று பொருள் போதும்: நடுவில் ஒரு கூட்டல் குறி, பிறகு சொல், பிறகு விசைப்பலகை. கூட்டல் குறி 0-வில் தொடங்கி 0.5 நொடியில் மறையட்டும். சொல் 0.5-ல் தொடங்கட்டும். அது முடியும் நேரத்தை வெறுமையாக விடுங்கள், இல்லையென்றால் மென்பொருள் தானாகப் போட்டு வைத்திருக்கும் 1 நொடியில் சொல் காணாமல் போய்விடும். விசைப்பலகையும் 0.5-லேயே தொடங்க வேண்டும். அது 0-வில் தொடங்கினால் எதிர்வினை நேரம் கூட்டல் குறி தோன்றியதிலிருந்தே எண்ணப்படும், ஒவ்வொரு எண்ணிலும் அரை நொடி கூடுதலாக நிற்கும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அனுமதிக்கும் விசைகளின் பட்டியலையும் பாருங்கள்: முன்கூட்டியே இருப்பதில் இடது, வலது அம்புக்குறிகள் உண்டு, கீழ் அம்புக்குறி கிடையாது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

சொல், நிறம் இரண்டும் மாறிக்கொண்டே இருக்க வேண்டுமே, அதற்கு அந்தக் கட்டங்களில் $ குறி போட்டுப் பத்தியின் தலைப்பை எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு சுற்றிலும் மாறு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் பிழைச் செய்திதான் வரும். விசைப்பலகையில் சரியான விடையைச் சேமி என்பதையும் டிக் செய்து, சரியான விசை இருக்கும் பத்தியின் பெயரை அங்கேயும் $ குறியோடு கொடுங்கள். ரொட்டீனைச் சுற்றி ஒரு லூப், அதாவது அதைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வளையம், போட்டு எக்செல் கோப்பை அதனுடன் இணையுங்கள், அவ்வளவுதான். சொற்களைத் தமிழில் காட்டினால் கொம்பும் புள்ளியும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சரியாக வரவில்லையென்றால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், அதுவும் உதவாவிட்டால் சொல்லைப் படமாக்கிக் காட்டிவிடலாம்.

அறிவுரைத் திரையைக் கடைசியில் அவசரமாக எழுதாதீர்கள். என் முதல் சோதனையில் "நிறத்திற்குரிய விசையை அழுத்துங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஆறு பேர் முடித்த பிறகு பார்த்தால் இரண்டு பேர் சொல்லைப் படித்து, அந்தச் சொல் குறிக்கும் நிறத்துக்கான விசையை அழுத்தியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதற்கப்புறம் எட்டுப் பத்துப் பயிற்சிக் காட்சிகளும், ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்ற பதிலும் இல்லாமல் நான் எதையும் ஓட்டுவதில்லை.

நேரத் துல்லியம் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். சாதாரணத் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது, அதாவது ஒரு ஃப்ரேம் (ஒரு புதுப்பிப்பு) ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. 50 மில்லி நொடி காட்ட வேண்டுமென்றால் 3 ஃப்ரேம், முடியும். 40 வேண்டுமென்றால் அந்தத் திரையில் முடியாது, 33 அல்லது 50 தான். விசைப்பலகையிலும் கொஞ்சம் தாமதம் உண்டு, ஆனால் ஒரே ஆளின் இரண்டு வகைக் காட்சிகளை ஒப்பிடும்போது அது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சேர்வதால் வித்தியாசம் பெரிதாகக் கெடாது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எதையாவது மின்ன வைக்கும் சோதனை என்றால்தான் நிஜமாகவே கவலைப்பட வேண்டும்.

ஆட்களை அழைப்பதற்கு முன் முழுச் சோதனையையும் நீங்களே ஒரு தடவை செய்யுங்கள், நடுநடுவே வேண்டுமென்றே தப்பான விசையை அழுத்துங்கள். அப்புறம் சோதனைக் கோப்புக்குப் பக்கத்தில் உருவாகியிருக்கும் தரவுக் கோப்புறையில் சிஎஸ்வி கோப்பை (எக்செல்லிலேயே திறக்கும் அட்டவணை) திறங்கள். பயிற்சிக் காட்சிகளைத் தவிர்த்து 60 காட்சிகளுக்கும் வரி இருக்கிறதா, தப்பு செய்த இடத்தில் 0, சரியான இடத்தில் 1 விழுந்திருக்கிறதா, நேரப் பத்தியில் 0.642 மாதிரி எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். அது நொடிக் கணக்கு, 642 மில்லி நொடி என்று பொருள். பிறகு தவறான பதில்களை நீக்கிவிட்டுப் பொருந்தியவற்றுக்கும் பொருந்தாதவற்றுக்கும் தனித்தனியே சராசரி எடுங்கள். பொருந்தாதது மெதுவாக வந்திருந்தால் முதல் ஆளை உட்கார வைக்கலாம். வரவில்லையென்றால் எக்செல் கோப்பின் விடைப் பத்திக்கே திரும்பிப் போங்கள், பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும்.