டியூபாவுக்கு ஸ்டாண்ட் வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருந்தது. ஒத்திகைக்கு நடுவே பாண்ட் பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். டியூபா என்ற பெரிய பித்தளை ஊது வாத்தியம் அதன் ஸ்டாண்டில் நின்றது. சின்ன வகுப்புப் பிள்ளை ஒருவன் தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தான். முதுகில் இருந்த பை டியூபாவின் பெல்லில், அதாவது மேலே விரிந்திருக்கும் வாயில், பட்டது. இடித்தான் என்று சொல்ல முடியாது, உரசல்தான். வாத்தியம் ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, பிறகு மெதுவாகச் சாய்ந்தது. நாலடி தள்ளி நின்ற எனக்குக் கை எட்டவில்லை. சீமெந்துத் தரையில் பெல்லின் விளிம்பு மடிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளை அழத் தொடங்கிவிட்டான். அவனில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஸ்டாண்டைத் தெரிவு செய்த எங்களில்தான் பிழை.

பெட்டியில் "20 கிலோ தாங்கும்" என்று போட்டிருந்தது. எங்கள் டியூபா 10 கிலோ. இரண்டு மடங்கு தாங்குமே என்று நம்பி வாங்கினோம். முதல் தவறு அதுதான், திருகோணமலையில் நான் பார்த்த பெரும்பாலான பாண்ட் அறைகளிலும் இதே தவறு நடந்திருக்கிறது. பெட்டியில் உள்ள கிலோ, கால் வளையாமல், பற்று உடையாமல் நேர் கீழாக எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டும் சொல்லும். பக்கவாட்டில் தட்டினால் சாயுமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. டியூபா கால் முறிந்து விழுவது அபூர்வம். சாய்ந்துதான் விழுகிறது.

சாய்வதைத் தீர்மானிப்பது கால்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதும், பாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும்தான். மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்றை எடுங்கள். நடுவிலிருந்து ஒவ்வொரு காலின் நுனிக்கும் 30 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். பார்க்க அகலமாக இருக்கும். ஆனால் அது காலின் மேல் சாய்வதில்லை, இரண்டு கால்களுக்கு நடுவில் உள்ள வெளிப்பக்கமாகச் சாயும். அந்தப் பக்கத்தில், இரண்டு கால் நுனிகளையும் சேர்க்கும் கோடு நடுவிலிருந்து வெறும் 15 சென்ரிமீற்றரில் இருக்கிறது. சரியாகப் பாதி. அதே நீளக் காலில் நான்கு இருந்தால் அந்தத் தூரம் 21 ஆகும், ஐந்து இருந்தால் 24.

எண்ணாகப் பார்த்தால் விளங்கும். டியூபாவும் ஸ்டாண்டும் சேர்ந்து 12 கிலோ, பெல்லின் விளிம்பு தரையிலிருந்து 110 சென்ரிமீற்றர் உயரம் என்று கொள்வோம். மூன்று கால் என்றால், விளிம்பில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடிய தள்ளல் போதும், சாயத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடப் பை அதைவிடப் பாரம். நான்கு கால் என்றால் அது ஏறக்குறைய 2.3 கிலோ ஆகும். முக்காலிதான் கிடைக்கிறதென்றால் கால் 42 சென்ரிமீற்றராவது விரிய வேண்டும், அப்போதுதான் 30 சென்ரிமீற்றர் நான்கு காலுக்குச் சமம். கடைக்குப் போகும்போது அளவு நாடா கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

மேலே சொன்ன கணக்கு பாரம் சரியாக நடுவில் இருந்தால்தான். டியூபாவில் அப்படி இருக்காது. வால்வுகளும் அவற்றின் குழாய்களும் ஒரு பக்கத்தில் குவிந்திருக்கும், பாரமும் அந்தப் பக்கம் ஒதுங்கும். நாலு சென்ரிமீற்றர் ஒதுங்கினாலே, அந்தப் பக்கத்தில் கால் இல்லாவிட்டால் 15 என்பது 11 ஆகிவிடும். அன்று எங்கள் டியூபா விழுந்தது அந்தப் பக்கமாகத்தான். இப்போது ஸ்டாண்டின் ஒரு காலில் சிவப்பு ரேப் சுற்றி வைத்திருக்கிறோம். வாத்தியத்தை இறக்கும் பிள்ளை, "சேர், வால்வு சிவப்புக் காலுக்கு வந்திட்டுது" என்று சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். ஐந்து ரூபா கூடச் செலவில்லாத வேலை, பெரிய பலன்.

ஸ்டாண்டே வேண்டாம், பெல்லைக் கீழே கவிழ்த்து நிறுத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பலர் அப்படி வைக்கிறார்கள், மெத்தென்ற விரிப்பின்மேல் ஐந்து நிமிடம் என்றால் நானும் வைப்பேன். ஆனால் பெல்லின் தகடு அரை மில்லிமீற்றரை ஒட்டிய தடிப்புத்தான். முழுப் பாரமும் அதன் விளிம்பில் நிற்க, சீமெந்தில் சற்று இழுபட்டாலே பித்தளையைக் காக்கும் லக்கர் பூச்சுப் போய்விடும். யாராவது தட்டினால் விளிம்பு நெளியும். நெளிவை உருட்டி எடுக்கலாம். ஆனால் பித்தளையை அடிக்க அடிக்க அது இறுகும், ஒரே இடத்தில் பலமுறை வேலை செய்தால் வெடிப்பு விடும். அதனால்தான் எங்கள் பெல்லில் மிஞ்சியிருக்கும் சின்னச் சுருக்கத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

இன்னொரு குழப்பம், வாசிக்கும்போது வாத்தியத்தைத் தாங்கும் ஸ்டாண்டையும் ஓய்வில் நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டையும் ஒன்றென்று நினைப்பது. முதலாவது ஒரு கட்டைத் தூண்போல இருக்கும். கதிரையில் இருந்து வாசிப்பவரின் தொடையில் விழும் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும், வாத்தியத்தைச் சாயாமல் பிடிப்பது வாசிப்பவரின் கைகள்தான். அதில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வரும்போது டியூபா தரையில் கிடக்கும். படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்குபவர்கள் இதில் நன்றாக ஏமாறுகிறார்கள். ட்ரொம்போன் ஸ்டாண்டின் குச்சியில், சின்ன டியூபா போன்ற யூஃபோனியத்தைச் செருகிப் பார்ப்பதும் வேண்டாம். 4 கிலோவுக்கு மேல் உள்ள வாத்தியத்துக்கு அந்தக் குச்சியும் போதாது, அந்தக் காலும் போதாது.

நிமிர்ந்து நிற்கும் ஸ்டாண்டில் பாரம் முழுவதும் டியூபாவின் அடி வளைவில் இறங்க வேண்டும். அங்கே பாதுகாப்புத் தகடு ஒட்டியிருப்பார்கள், தாங்கவென்றே செய்த இடம் அது. மேலே உள்ள பிடி சாயாமல் அணைப்பதற்கு மட்டும். சில ஸ்டாண்டுகளில் அந்தப் பிடி சுருதிக் குழாயிலோ வால்வுக்குப் போகும் மெல்லிய குழாயிலோ போய் அழுத்தும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு தவணை கழித்துக் குழாய் இழுக்க வராது, வால்வு ஒட்டும், பிள்ளை எண்ணெய் விட்டு விட்டுக் களைத்துப்போவான். வாங்க முதல் உங்கள் வாத்தியத்தின் அடி வளைவு எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள், அந்த வளைவு அமரும் தொட்டில் அதைவிட இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, ஆடுமளவுக்குத் தளர்வாகவும் இருக்கக் கூடாது. ஒரு பட்டியும் வேண்டும். பட்டி இல்லாவிட்டால் ஸ்டாண்ட் அசையாமல் நிற்க, வாத்தியம் மட்டும் தொட்டிலிலிருந்து கவிழ்ந்துவிடும்.

சரி, எங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். கடலிலிருந்து நாங்கள் யாரும் அதிக தூரத்தில் இல்லை. உப்புவெளியில் ஒரு சைக்கிளை வெளியே விட்டுப் பார்த்தவருக்குத் துருவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மலிவு ஸ்டாண்டில் முதலில் போவது திருகாணி. துருப்பிடித்த திருகாணி இறுகியதுபோலக் கைக்குத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. அதைவிட மோசம் தொட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்பொஞ்ச். மாரி காலத்து ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு பித்தளையோடு ஒட்டிக்கொண்டேயிருக்கும். லக்கர் போன இடத்தில் பச்சைக் களிம்பு பிடிப்பது அங்கிருந்துதான். வெள்ளி முலாம் பூசிய வாத்தியம் என்றால் றப்பரும் வேண்டாம், றப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். நான் பழைய பருத்தித் துணியை மடித்துச் சுற்றுகிறேன், கிழமைக்கொரு தடவை கழற்றித் தோய்த்துக் காய விடுகிறேன். களிம்பு கண்டவுடன் வீட்டில் செம்பு விளக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கும் வேலை மட்டும் வேண்டாம், மிச்ச லக்கருக்கு அது நல்லதல்ல.

பிறகு காற்று. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது திறந்த மைதானத்தில் நிமிர்த்தி வைத்த எதுவும் நம்பகமில்லை. சூசஃபோன் இருப்பவர்கள் இன்னும் கவனம். உடலைச் சுற்றி மாட்டி நடந்து வாசிக்கவென்று 1890களில் அமெரிக்காவில் உருவான வாத்தியம் அது. அதன் பெல் முன்னோக்கி விரிந்து, 66 சென்ரிமீற்றர் வரை அகலமாக இருக்கும். மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று அதன் வாய்க்கு நேரே அடித்தால், யாரோ இரண்டு கிலோவுக்கு மேல் விசை கொடுத்துத் தள்ளுவதற்குச் சமம். அதாவது ஒருவரும் தொடாமலே விழும். மக்கெய்சர் விளையாட்டரங்கு போன்ற வெளியில் ஸ்டாண்டை நம்பாமல், இடைவேளையில் விரிப்பில் படுக்க வைத்துவிடுங்கள். மணலில் வைக்க வேண்டி வந்தால் கால்களுக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள், இல்லாவிட்டால் பாரம் ஒதுங்கிய பக்கத்துக் கால் முதலில் புதையும்.

மணல் இன்னொரு விதத்தில் உதவும். ஐந்து கிலோ மணலை உறுதியான பையில் கட்டி ஸ்டாண்டின் அடியில், நடுவில் தொங்க விட்டால், மூன்று கால் ஸ்டாண்டும் ஏறக்குறைய நான்கு கால் அளவுக்கு உறுதியாகிவிடும். ஆனால் வாத்தியம் பட்டியால் ஸ்டாண்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், பையும் கழன்று விழாமல் கட்டியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மணல் சும்மா கிடக்கும்.

கொழும்பிலிருந்து நல்ல ஸ்டாண்ட் வரவழைக்கப் பணமில்லை என்றால் வெல்டிங் பட்டறையில் செய்விப்பதில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் இப்போது வைத்திருப்பது அப்படிச் செய்ததுதான். ஒரு அங்குல பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாயில்) நான்கு கால், மடிக்க முடியாது, பாரம் அதிகம். பாரம் அதிகம் என்பதுதான் எனக்குப் பிடித்த விடயம். மடிக்கக் கூடிய ஸ்டாண்டைத் தூக்குவது சுகம்தான், ஆனால் அறைக்குள்ளேயே நிற்கப்போகும் ஒன்றுக்கு அது ஏன்? பட்டறைக்கு வாத்தியத்தைக் கொண்டுபோக வேண்டாம், தீப்பொறி பறக்கும். அளவுகளைக் கடதாசியில் கீறிக் கொடுங்கள். வெல்டிங் விளிம்புகளை நன்றாக அராவச் சொல்லுங்கள், கால் நுனிகளுக்கு ஊன்றுகோலுக்குப் போடும் றப்பர் மூடி பொருந்தும்.

புது ஸ்டாண்டில் முதலில் டியூபாவை வைக்காதீர்கள். பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொட்டிலில் கட்டி, அதற்கு மேல் ஒரு தடியை நிமிர்த்திக் கட்டுங்கள். பெல் வரும் உயரத்தில் தடியை ஒரு விரலால் நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாகச் சாய்கிறதோ அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி, கதவுக்கும் நடைபாதைக்கும் விலக்கி ஸ்டாண்டை வையுங்கள். ஒத்திகை முடிந்ததும் டியூபா பெட்டிக்குள் போகட்டும், ஸ்டாண்ட் வெறுமையாக நிற்கட்டும்.